முப்பது அடி விருந்தாளி

செவலைப் பசு வயிறு உப்பிச் செத்திருந்தது. கால்நடை டாக்டர் ஸ்ரீவித்யா அதன் இதயத்தைக் கீறியதும், வடகரைத் தோப்பில் நின்ற மூவரும் குனிந்து பார்த்தார்கள். சிவந்த சதை முழுக்க, ஊறிய ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள்!

பசுவின் சொந்தக்காரி மங்களேஸ்வரி, அவள் மகன் நாகராஜன், தோப்பு வேலைக்காரன் ஆசிப்.

"செத்தது வயித்து உப்புசத்தால, இதால இல்ல. நாடாப்புழுவோட குஞ்சு இது," என்றாள் ஸ்ரீவித்யா. "ஒரு மணி மனுஷன் குடலுக்குப் போனா முப்பது அடி வளரும். வாய் கிடையாது, வயிறு கிடையாது. உடம்பாலேயே உறிஞ்சி வருஷக்கணக்கா வாழும்."

"மாட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

"மனுஷன்தான் குடுத்தான். சரியா வேகாத மாட்டிறைச்சி தின்னவனுக்குள்ள புழு வளரும். அவன் மலத்துல முட்டை வரும். அது பட்ட புல்லை மாடு தின்னா இப்படி."

மங்களேஸ்வரி ஆசிப் பக்கம் திரும்பினாள். "ஏலே, நீதானா? நாளையிலேருந்து இங்கன வராத!"

"ஆச்சி, குக்கர் எட்டு விசில் அடிக்காம எங்க உம்மா மூடியத் தொடமாட்டாவுல்லா!"

"புல்லுக்கு எந்தத் தண்ணி பாயுது?" ஸ்ரீவித்யா கேட்டாள்.

"எங்க கக்கூஸ் தொட்டி நெறஞ்சு வழியுததுதான். அதான் புல்லு கருகருன்னு நிக்கி," என்றாள் மங்களேஸ்வரி.

"ஆசிப் அந்தக் கக்கூஸுக்குப் போவாரா?"

"நல்லா கேட்டிய! இத்தன வருஷமா வேல பாக்கான், அந்தக் கதவத் தொட விட்டிருப்பனா? அவசரம்னா சைக்கிள்ல அவன் வீட்டுக்குல்லா ஓடுவான்!"

பெருமையாகச் சொன்னவளின் குரல் சட்டென்று நின்றது. அந்தக் கழிப்பறைக்குப் போவது அவளும் மகனும் மட்டும்தான்.

"டாக்டரம்மா, நாங்க சைவம்," என்றாள் அவசரமாக. நாகராஜன் ஏன் இளைக்கிறான் என்று தென்காசி டாக்டர் துருவியபோதும் இதையே சொல்லி அவர் வாயை அடைத்திருந்தாள்.

ஆசிப் துண்டை உதறித் தோளில் போட்டுச் சைக்கிளை எடுத்தான்.

"நில்லு ஆசிப்," என்றான் நாகராஜன். தன் உள்ளாடையில் நெளிந்த வெள்ளைப் புழுத் துண்டுகளை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அம்மா, நான்தான். கொச்சியில வேல பாத்தப்ப பாதி வெந்த மாட்டிறைச்சி தின்னேன்."

"ஒரு மாத்திரையில போயிரும். ஆஸ்பத்திரியில சொல்லி வாங்குங்க," என்றாள் ஸ்ரீவித்யா.

மங்களேஸ்வரி மகனின் வயிற்றையே பார்த்தாள். கோபம் வரவில்லை. "அம்மாடி! அவ்வளவு நீளத்துக்கும் நாந்தானல சோறு போட்டு வளத்திருக்கேன்?"

"ஆச்சி, அப்ப நான்…" என்று இழுத்தான் ஆசிப்.

"சைக்கிள ஓரமா வையி. அந்தப் புல்ல இனி எப்படித் தொட? மத்த மாடுகளுக்கு ஆலங்குளத்துலேருந்து யாரு வைக்கோல் ஏத்திட்டு வருவா?"