கொல்லத்துக்காரரின் கோட்டு

குற்றாலத்தில் அருவி கொட்டுகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், துணியில் வரைந்த ஓர் அருவிக்கு முன்னால் நின்று ஜனங்கள் படம் பிடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது நான் சின்னவன். சாரல் விழுந்தால் போதும், கொல்லத்துக்காரர் ஒருவர் ரயிலேறிச் செங்கோட்டையில் வந்து இறங்கிவிடுவார். அங்கே ஒரு வீட்டில் சாமான்களைப் போட்டுவிட்டு, அருவிக்குப் போகும் பாதையோரம் கூடாரம் அடிப்பார். உள்ளே அந்த அருவித் திரை, ஒரு நாற்காலி, ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு கடிகாரச் சங்கிலி. சங்கிலியின் முனையில் கடிகாரம் கிடையாது. கோட்டை முதுகுப்பக்கம் மேலிருந்து கீழே பிளந்து நாடா தைத்திருப்பார். ஒல்லியானவனுக்கு இறுக்கிக் கட்டுவார், தொந்திக்காரனுக்குத் தளர்த்தி விடுவார். முன்னால் பார்த்தால் எல்லோரும் ஜமீன்தார்தான். பின்னால் வெறும் முதுகு.

பிற்பாடு நான் தென்காசியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்தேன். மசூது கடை என்று கேட்டால் வழி சொல்வார்கள். முருகன் படமோ மக்கா படமோ, என்னிடம் ஒரே கண்ணாடி, ஒரே ஆணி. ஒருநாள் நல்லக்கண்ணு என்ற இளவட்டம் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜை மேல் இருந்த என் சட்டங்களை ஒதுக்கிவிட்டு, பெட்டியைக் கவிழ்த்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. கீழே பார்த்ததும் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. அத்தனையும் கொல்லத்துக்காரர் எடுத்த படங்கள். கோட்டு ஒன்று, சங்கிலி ஒன்று, அருவி ஒன்று. தலைகள் மட்டும் வேறு வேறு.

கொல்லத்துக்காரர் ஒரு வருஷம் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஆட்கள் வந்து வாங்காமல் போன படங்கள் அந்தச் செங்கோட்டை வீட்டிலேயே கிடந்திருக்கின்றன. வீட்டுக்காரர் பெட்டியோடு பழைய சாமான்காரனிடம் தள்ள, அவனிடமிருந்து இவன் வாங்கியிருக்கிறான். "இதுல எங்கய்யா இருக்காக அண்ணாச்சி" என்றான்.

"எது?" என்றேன்.

அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அவன் தாய் ஆவுடைத்தாய் அவனைச் சுமந்துகொண்டிருந்தபோது, புருஷன் இசக்கியப்பன் அவளைச் சாரலுக்குக் கூட்டிப்போய், அங்கே கூடாரத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டாராம். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் ஊரில் காலரா. இசக்கியப்பனையும், அவரைப் பெற்றவர்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. படம் பிடிக்கிற பெட்டிதான் உயிரைக் குடித்தது என்று ஊர் பேசியது. ஆவுடைத்தாய் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்து பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை அப்படியே தாய்மாமன் ஜாடை. அதனால் கண்ணாடியைப் பார்த்தும் அவன் தன் தகப்பனைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அப்பா படத்தில் என்ன போட்டிருந்தார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறான். கறுப்புக் கோட்டு, சங்கிலி, பின்னால் அருவி என்று தாய் சொல்லியிருக்கிறாள். மேற்கொண்டு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாளாம்.

கோட்டு கூடாரத்துச் சொத்து என்று நான் சொன்னதும் பையன் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு காலமும் கோட்டுப் போட்ட தகப்பன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன் அவன்.

தகப்பன் ஊருக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இசக்கியப்பனைத் தெரிந்த கிழவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் சத்தியம் பண்ணி மூன்று படங்களைக் காட்டினார்கள். வெயிலிலும் சேற்றிலும் பார்த்த ஆளைக் கோட்டுக்குள் வைத்துக் காட்டினால் யாருக்குத் தெரியும்?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஏன் நெய்க்கு அலைகிறாய், படங்களைத் தாயிடம் காட்டேன் என்றேன். பையனுக்கு வந்ததே ஆத்திரம்.

"ஊரான் ஊரான் படத்தையெல்லாம் எங்கம்மை முன்னால பரப்பி, இதுல ஒம் புருசன் எவன்னு கேக்கச் சொல்லுதீயளா?"

நியாயம்தான். தாலியறுத்தவள் முன்னால் எந்தப் பிள்ளை அப்படிக் கேட்பான்?

ஆகவே அவன் சுற்றுவழியாகப் போனான். தகப்பன் எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், தகப்பன் அல்லாதவர்களைக் கழித்துக்கொண்டே வருவது. ஒத்துப்பார்ப்பதற்காக வீடு வீடாகப் போய், சுவரில் தொங்கிய கொல்லத்துக்காரர் படங்களைப் பார்த்தான். கொடுத்தவர்களிடம் வாங்கியும் வந்தான். ஒரு சாரலில் நாற்காலிக் கைப்பிடியின் குமிழ் போயிருக்கிறது. வேறொரு சாரலில் துணி அருவி நடுவே கிழிந்து தைத்த தழும்பு தெரிகிறது. இப்படிப் பார்த்துப் பார்த்து, படத்தைக் கையில் எடுத்ததும் எந்த வருஷத்துச் சாரல் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். தகப்பனுடைய வருஷத்துக்குத் தையல் உண்டு, குமிழ் கிடையாது. பெட்டியில் பாதி அதிலேயே கழிந்துபோனது.

மீதியை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆள் விசாரித்தான். ஆய்க்குடியில் ஒரு குடும்பம், படத்தில் இருப்பது எங்கள் பாட்டன் என்று இவனை உட்காரவைத்துச் சோறு போட்டது. புளியறையில் அண்ணன் தம்பிகள் இருவர், படம் யார் வீட்டில் இருப்பது என்று இவன் முன்னாலேயே அடித்துக்கொண்டார்கள். உரியவர்கள் கிடைத்தபோதெல்லாம் படத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். பெட்டி இளைக்க இளைக்க இவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. உலகத்தில் சேர்க்கிறவனைப் பார்த்திருக்கிறேன். கொடுத்துக் கொடுத்துத் தேடியவனை அவனிடத்தில்தான் பார்த்தேன்.

கடைசியில் இரண்டு படங்கள் மிஞ்சின. ஒன்றில் மீசை முறுக்கிய, களையான ஒரு மனிதர். மற்றது பாழாய்ப் போனது. கை, கால், கோட்டு எல்லாம் பளிச்சென்று இருக்க, தலை இருக்கவேண்டிய இடத்தில் கரியை ஈரவிரலால் தேய்த்ததுபோல ஒரு தீற்றல். ஓரத்தில் ஏதோ துணி வேறு வந்து விழுந்திருந்தது. நல்லக்கண்ணு மீசைக்காரரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினான். பாழ்ப்படத்தைப் பார்த்து, "அட்டை கெட்டியா இருக்கு. இத முதுகுக்கு வச்சு அடிச்சிருங்க அண்ணாச்சி" என்றான். நானும் அதை மீசைக்காரர் படத்துக்குப் பின்னட்டையாக வைத்து அடித்தேன்.

ஆடி அமாவாசைப் படையலுக்குப் படத்தை மாட்டித்தர அவன் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஆணி அடித்து, படத்தை மாட்டி, அவன் மாலை போட்டான். இலை விரித்தாயிற்று. பிறகுதான் தாயைக் கூப்பிட்டான். அவளிடம் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

ஆவுடைத்தாய் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "இது யாருலே?" என்று கேட்டாள்.

"ஐயா" என்றான்.

"ஒங்கய்யா இல்ல. இவுக யாரோ."

அவன் விடவில்லை. செங்கோட்டைப் பெட்டி, அருவியின் தையல், குமிழ், கழித்த படங்கள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். வக்கீலே தோற்றுப்போவான். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்கய்யா மொகம் படத்துல விழுந்தே இருக்காதுலே. நாந்தான் கெடுத்தேன்."

கூடாரத்தில் திரைக்குப் பக்கவாட்டில் அவளை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். மழை இருட்டு. கொல்லத்துக்காரர் படப்பெட்டியின் மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கும்வரை அசையக் கூடாது, அசைந்தால் முகம் கலங்கிவிடும். அவள் நின்ற இடத்திலிருந்து புருஷனின் பின்பக்கம் தெரிந்தது. முன்னால் துரை, பின்னால் பிளந்த கோட்டும் நாடா முடிச்சும் முதுகும். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னட்டின்னு என்னைய திரும்பிப் பாத்துட்டாக. படம் புடிக்கிறவன் ஏசுனான். அவுகளும் சிரிச்சாக. எட்டு நாள்ல சாகப்போறவுகன்னு எனக்குத் தெரியுமா?"

படம் பிடித்ததால் செத்தார் என்று ஊர் சொன்னபோது, படம் எடுக்கையில் பாதியில் தான் சிரித்ததால் வந்த தோஷம் என்று இவள் நம்பியிருக்கிறாள். அதனால்தான் அந்த வாய் திறக்கவே இல்லை.

நல்லக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அதற்குள் ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துவிட்டேன். படத்தை இறக்கி, கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முதுகு அட்டையை உருவித் திருப்பி அவளிடம் கொடுத்தேன்.

அவள் முதலில் பார்த்தது அந்த ஓரத்துத் துணியை. கட்டம் போட்ட சேலைத் தலைப்பு, விரற்கடை அகலம். "என் கல்யாணத்துக்கு அடுத்த தீவாளிச் சேல" என்றாள். பிறகு அந்தத் தீற்றலின் மேல் உள்ளங்கையை வைத்து, கன்னத்தைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. சத்தமில்லாமல் சிரித்தாள்.

அழுதவன் நல்லக்கண்ணுதான். "மொகம் இல்லையேம்மா" என்றான். அத்தனை வருஷ அலைச்சலும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மீசைக்காரரை எடுத்துத் துண்டில் சுற்றினேன். அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும். என் கடைச் சுவரில் காத்திருக்கட்டும்.

ஆவுடைத்தாய் மகனைப் பார்த்தாள். "நீ சின்னப்புள்ளையில இருந்து ஒங்கய்யா என்ன போட்டிருந்தாகன்னுதானலே கேட்ட? மொகம் எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது கேட்கிறேன் என்றான்.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் சுத்தியலையும் ஆணியையும் பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டும்போது, "நெத்தி அகலம்" என்று அவள் ஆரம்பிப்பது கேட்டது.