வாசலில் இறங்காத துப்பாக்கி

முக்பில் ஹாஜியார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு அண்டாத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

"சூடு கூடிப்போச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

செத்தவனுக்குச் சூடு எங்கே தெரியப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் தகிய்யா மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலையை நசுக்கிக்கொண்டிருந்தாள். குழவி உருளும் சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது.

அவள் கணவன் ஷாயிஃப் முன்னறையில் பலகைமேல் கிடந்தான். முக்பிலின் ஒரே தம்பி. காலையில் கீழ்த்தெருவில் கல்யாணம். முகாம் தளபதி முஜல்லியின் தம்பிதான் மாப்பிள்ளை. தாயிஸ் மலையில் சண்டை தொடங்கியதிலிருந்து ஊரில் எல்லாவற்றுக்கும் முகாம்காரர்கள் வைத்ததுதான் சட்டம். கல்யாணத்துக்கும் பட்டாளமே வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டது. சத்தத்துக்குத் தேனீ கலைந்துவிடும் என்று ஷாயிஃப் பெட்டிகள் மேல் சாக்கைப் போட முற்றத்துக்குப் போனான். மேலே போன தோட்டாக்களில் ஒன்று திரும்பி வந்து அவன் தோளில் இறங்கியது.

"அண்ணே, என்னமோ கொட்டிருச்சு" என்றபடி கல் தளத்தில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

கை தவறிக் கொன்றுவிட்டால் அதற்கு இந்த மலையில் ஒரு முறை உண்டு. கொன்றவன் வீட்டு ஆண்கள் வந்து செத்தவன் வாசலில் துப்பாக்கிகளைக் கிடத்த வேண்டும். தப்பு எங்களுடையது, தீர்ப்பு உங்களுடையது என்று நிற்க வேண்டும். மன்னிப்பதா வேண்டாமா என்பது அந்த வீட்டுப் பெரியவர் பாடு. முக்பில் மன்னிக்கத்தான் இருந்தார். அதற்கான வார்த்தைகளைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் துப்பாக்கி வர வேண்டும். வாசலைப் பெருக்கி வைக்கச் சொல்லியிருந்தார்.

ஜீப் வந்து நின்றது. முஜல்லி இறங்கினான். காதோரத்தில் கல்யாணத்துக்குச் சொருகிய பச்சிலைக் கொத்து இன்னும் வாடவில்லை. பின்னால் இரண்டு ஆட்கள். முக்பில் வாசற்படிக்கு உள்ளே நிமிர்ந்து நின்று, அவர்கள் தோளையே பார்த்தார். துப்பாக்கிகள் தோளிலேயே இருந்தன.

"அல்லாஹ் உங்க வீட்டுக்குப் பெரிய அந்தஸ்தக் குடுத்துட்டான் ஹாஜியாரே" என்றான் முஜல்லி. "ஷாயிஃப் போர்ல உயிரக் குடுத்து ஷஹீதாயிட்டாரு."

"என் தம்பி தேன்பெட்டிக்குச் சாக்குப் போடப் போனான்."

"எதிரி கல்யாணக் கூட்டத்தக் குறி வச்சிருக்கான். மலைக்கு அந்தப் பக்கமிருந்து சுட்டிருக்கான்."

"குண்டு தோள்ல எறங்கி நெஞ்சுக்குள்ள போயிருக்கு. உன் எதிரி என்ன, மேகத்துல உக்காந்திருந்தானா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கக் கீழே குனிந்தான். முஜல்லி சிரிக்கவில்லை.

"உங்கப்பா வண்டியில அடிபட்டு எங்க கழுதை செத்துச்சு" என்றார் முக்பில். "கழுதை. அதுக்கே அந்த மனுஷன் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வந்து இந்தப் படியில வச்சாரு. எங்கப்பா அத எடுத்து அவரு தோள்லயே மாட்டி, சோறு போட்டு அனுப்பினாரு. நீ என்ன கொண்டாந்திருக்கே?"

முஜல்லியின் கையில் மடித்த கொடி ஒன்று இருந்தது.

"அது அப்பா காலம் ஹாஜியாரே. மய்யித்தக் குளிப்பாட்ட வேணாம். ஷஹீத ரத்தத்தோட அப்படியே அடக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அது போர்க்களத்துல செத்தவனுக்கு."

குளிப்பாட்டிவிட்டால் ஷாயிஃப் போரில் சாகவில்லை என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். அப்படியானால் கொன்றது யார் என்று அடுத்த கேள்வி வரும். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

முஜல்லி குரலைத் தணித்தான். "நஷ்வான் நல்ல பையன். மேல்பாறைக் காவல்லதான் இருக்கான். ஷஹீதோட ஒரே மகன்னா கீழ சமையக்கட்டுக்கு மாத்திடுவோம், அது எங்க வழக்கம். சும்மா செத்தவன் மகனுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. அந்தப் பாறையில போன வாரம்கூட..."

மீதியைச் சொல்லாமல் கொடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

நஷ்வான் ஷாயிஃபின் மகன். மீசை சரியாக அரும்பவில்லை. ரமலானுக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்தே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"மொதல்ல துப்பாக்கி எறங்கட்டும்" என்றார் முக்பில். "அப்புறம் பேசலாம்."

உள்ளே குழவிச் சத்தம் நின்றது.

"பெரிய மச்சான்."

அன்னிய ஆண்கள் காதில் விழும்படி தகிய்யா இதுவரை பேசியதில்லை.

"தண்ணி ஆறிப்போச்சு, பெரிய மச்சான். இனி வேணாம்."

முக்பில் திரும்பிப் பார்க்கவில்லை. மடித்திருந்த வலது கையை மெல்ல இறக்கிவிட்டார். பிறகு இடது கை. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். போட்டு முடிக்கும்வரை அவர்கள் காத்து நின்றார்கள்.

"கொடிய இங்க குடு" என்றார். "என் தம்பி மேல வெளியாள் கை படக் கூடாது."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தார்கள். காலையில் போட்ட சட்டை, அதில் காய்ந்த ரத்தம், தேன்பெட்டிக்குப் போடும் புகையின் வாடை எல்லாவற்றோடும் ஷாயிஃப் கபருக்குள் போனான். வந்தவர்கள் முக்பிலின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஷஹீதின் வீட்டில் துக்கம் விசாரிக்கக் கூடாதாம். ஒவ்வொருவருக்கும் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிமிர்ந்து நின்றே பதில் சொன்னார்.

பள்ளிவாசல் சுவரில் அதற்குள் படம் ஒட்டியாகிவிட்டது. ஷாயிஃபின் முகம், கீழே பட்டாளச் சட்டை போட்ட எவனோ ஒருவனின் அகன்ற தோள்.

பக்கத்து வீட்டுக் காயித் கிழவர் அதை உற்றுப் பார்த்தார். "துப்பாக்கியப் பாத்தாலே காதப் பொத்திக்குவானே இவன்" என்று ஆரம்பித்தவர், இருபுறமும் பார்த்துவிட்டு, "படம் நல்லா இருக்கு" என்று முடித்தார்.

நஷ்வானை மண் போடுவதற்காக அழைத்து வந்திருந்தார்கள். அளவு பெரிய சட்டையில் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"பெரியத்தா, அத்தாவ நீங்கதானே குளிப்பாட்டினீங்க?"

முக்பில் அவன் தலையில் கை வைத்தார். முஜல்லி காதுக்கு எட்டிய தூரத்தில்தான் நின்றான்.

"மண்ணப் போடு, வா."

முடிந்ததும் பையனை மறுபடி ஜீப்பில் ஏற்றினார்கள். "எங்கடா கூட்டிட்டுப் போறாங்க?" என்று முக்பில் கேட்டார்.

"மேலயா கீழயான்னு சொல்லல பெரியத்தா."

பாதை பிரியும் இடம் கபரஸ்தானிலிருந்து தெரியும். கூட்டம் கலைந்தும் முக்பில் அங்கேயே நின்றார். ஜீப் தயங்கி, கீழ்ப்பாதையில் திரும்பியது. முஜல்லி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். இனி முக்பில் காப்பாற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பையன் அங்கே இருக்கும்வரைக்கும்.

வீடு வந்தபோது, பெருக்கிவைத்த வாசல் பெருக்கியபடியே கிடந்தது. வாழ்த்த வந்த செருப்புகளின் தடம் மட்டும் இருந்தது. முன்னறையில் அண்டா நிறைய தண்ணீர். இலந்தை இலைகள் அடியில் படிந்திருந்தன.

"இத என்ன செய்ய, பெரிய மச்சான்?" என்றாள் தகிய்யா. "தண்ணி லாரி எப்ப வருமோ. மரத்துக்கு ஊத்தட்டுமா?"

"இருக்கட்டும்."

இந்த மலை ஆண்கள் தங்கள் மானமாக நினைக்கும் இடுப்புக் கத்தியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினார். வயது வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் உறங்கும்போது தவிர அவர் அதைக் கழற்றியதில்லை. அண்டாவை இரு கையாலும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கல் தளத்தில் கறை கறுத்து உலர்ந்திருந்தது. பாதி போட்ட சாக்கு அப்படியே தொங்கியது.

முட்டி போட்டு உட்கார்ந்து கையை மடித்தார். செம்பில் மொண்டு, மய்யித்துக்கு ஊற்றும் முறையில், முதலில் வலப்பக்கமாக ஊற்றினார். அழுத்தித் தேய்க்காமல் உள்ளங்கையால் தடவினார். பிறகு இடப்பக்கம். தகிய்யா வந்து, கடைசிச் செம்புத் தண்ணீரில் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதை ஊற்றச் செம்பைத் தூக்கினார். தேனீ ஒன்று ஈரக் கல்லில் வந்து உட்கார்ந்து நீர் குடித்தது. அது எழுந்து போகும்வரை, செம்பைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே முக்பில் காத்திருந்தார்.