பிரேமளா வீட்டுச் சனிக்கிழமைகள்

பிரேமளா எதையும் ரூபினிக்கு ஒரு தடவைதான் விளக்குவாள். யுகேந்திரனுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும். அதையும் முகம் சுளிக்காமல் சொல்வாள்.

"இங்க பாரு. இது ரெங்கம், இது பாலோ, இது சிகாமட். நீ ரெங்கத்துலேர்ந்து கிளம்புறே. பக்கத்துல உள்ள ஊருக்கெல்லாம் தூரம் எழுது. எது ரொம்பக் கம்மியோ அதைப் பெட்டிக்குள்ள போட்டு மூடு. அப்புறம் அங்கேர்ந்து அடுத்த ஊருக்குப் போ."

"பெட்டியில போட்டதை மாத்தலாமா?"

"கூடாது லா. மாத்தினே, கணக்கு மொத்தமும் போச்சு."

"அலமாக்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் யுகேந்திரன்.

மூவரும் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் டிசிஷன் மேத்ஸ் தாள். மிகக் குறுகிய வழி எது, எந்த வேலையை முதலில் முடித்தால் மற்ற வேலைகள் தாமதமாகாது என்று கோடும் புள்ளியுமாக வரைந்து கண்டுபிடிக்கிற கணக்கு. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு படி தவறினால் பக்கம் முழுக்கத் தவறு. அதனால்தான் சனிக்கிழமைதோறும் பிரேமளா வீட்டில் கூடிப் படிப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.

ரூபினிக்கு அந்தச் சனிக்கிழமைகளை விட்டால் வேறு போக்கில்லை. ரெங்கத்தில் அப்பா மனோகரன் பள்ளிப் பேருந்து ஓட்டினார், அம்மா தையல் ஆலையில் இருந்தாள். ரூபினி ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில், சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். ஒருத்தி வேலைக்குப் புறப்படும்போது இன்னொருத்தி தூங்க வருவாள். விளக்கு அணைவதே இல்லை, பேச்சும் ஓய்வதில்லை. பிரேமளா வீட்டில் நீண்ட மேசை இருந்தது, குளுகுளு அறை இருந்தது. அப்பா வைத்தியலிங்கம் வழக்கறிஞர். அம்மா தவமணிதேவி ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. அவர்களுடைய யாழ்ப்பாணத் தமிழ் முதலில் ரூபினிக்கு விறைப்பாகத் தெரிந்தது. பிறகு அதுவே காதுக்குப் பழகிவிட்டது.

"வாங்கோ பிள்ளையள். முதல்ல சாப்பிடுங்கோ. படிப்பு எங்கயும் ஓடிப் போகாது" என்பார் தவமணிதேவி. இடியப்பமும் சொதியும் மேசைக்கு வரும். ரூபினி அந்த வாரம் முழுவதும் மெகி நூடுல்ஸ்தான் சாப்பிட்டிருப்பாள். கூச்சப்படாமல் மூன்றாம் தடவையும் தட்டை நீட்டுவாள்.

டிசம்பரில் ஒரு மத்தியானம். யுகேந்திரன் கூடத்தில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தோழிகள் இருவரும் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை பிடித்திருந்தது.

"ரூபி, நான் பரீட்சை எழுதப் போறதில்ல" என்றாள் பிரேமளா, குழாயைத் திறந்தபடியே.

ரூபினி சிரித்தாள். "நீ எழுதலைன்னா வேற யார் எழுதுறது? போடி."

"நெஜமாத்தான். நான் பேரே குடுக்கல. அப்பா கட்டச் சொன்ன பரீட்சைக் காசு என்கிட்டயே இருக்கு."

ரூபினி தட்டைக் கீழே வைத்தாள். பிரேமளாவின் முகத்தில் அழுகை இல்லை. பேருந்து தவறிப்போனதைச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள். போன ஜூனில் வேறொரு தாள் எழுதப் போனபோதே இது தொடங்கியிருக்கிறது. மண்டபத்தில் உட்கார்ந்ததும் கை அசையவில்லை. கேள்வி புரிந்தது, விடையும் தெரிந்தது, பேனா மட்டும் தாளில் இறங்கவில்லை. பெயரை எழுதி வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் 'ஏ' கிடைத்தது என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து காலையில் கண் விழித்தாலே நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல் இருக்கிறதாம்.

"அம்மாகிட்ட சொல்லுடி."

"அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, நான் லண்டன் போறேன்னு. கோயில்ல அர்ச்சனை வேற செஞ்சாச்சு." குழாயை மூடினாள். "நீ யார்கிட்டயும் சொல்லாதே. பரீட்சை முடியட்டும். நானே சொல்லிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் போல வாங்க. நீங்க வந்தா வீட்டுல யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ரூபினி சரி என்று தலையாட்டினாள். அந்த நேரத்தில் அது நட்பு என்றுதான் பட்டது. பேருந்தில் திரும்பும்போதுதான் இன்னொரு நினைப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. சொல்லிவிட்டால் சனிக்கிழமைகள் நின்றுவிடும். மேசை இல்லை, சாப்பாடு இல்லை, பிரேமளாவின் விளக்கமும் இல்லை. அந்த நினைப்பை அவள் விரட்டினாள். அது போகவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்கூடாய் வரை வந்தது.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகள் வந்தன. பிரேமளா முன்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். எழுத வேண்டிய பயம் அவளுக்கு இல்லை, அதனால்தானோ என்னவோ. சாப்பாட்டை மட்டும் அளைந்துவிட்டு வைப்பாள். தவமணிதேவி அதைப் பார்த்து, "பரீட்சைப் பயம். எனக்கும் உந்த வயசில இப்பிடித்தான்" என்று ரூபினியிடம் சொல்லிச் சிரிப்பார். ரூபினியும் சிரித்து வைப்பாள். இரண்டு தடவை அவருடைய அறை வாசல் வரை போனாள். இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

தேர்வு நாள் காலையில் வைத்தியலிங்கம் மூவரையும் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார். புறப்படும்போது தவமணிதேவி மூவர் நெற்றியிலும் திருநீறு பூசினார். மகளுக்குப் பூசும்போது கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிரேமளா கால்குலேட்டரும் பேனாவும் தெரிகிற கண்ணாடிப் பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

கல்லூரிப் படிக்கட்டில் யுகேந்திரன் முன்னால் ஓடிவிட்டான். பிரேமளா கீழ்ப்படியிலேயே நின்றாள்.

"நீ எங்க இருப்பே?"

"லைப்ரரியில. போ, நல்லா எழுது. கடைசிக் கேள்வியில அவசரப்படாதே."

கேள்வித்தாளைப் புரட்டியதும் ரூபினிக்கு உடம்பு லேசாயிற்று. எல்லாம் தெரிந்த கணக்கு. கடைசிக் கேள்வியில் அவசரப்படவில்லை. மணி அடித்துத் தாளைக் கொடுத்தபோதுதான் உறைத்தது, உள்ளே இருந்த நேரம் முழுவதும் பிரேமளாவை அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

வெளியே பிரேமளாவின் அம்மாவும் அப்பாவும் காத்திருந்தார்கள். தவமணிதேவி பள்ளியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். எல்லோரையும் சாப்பிட அழைத்துப் போவதாகத் திட்டம்.

"எங்க இவ? இன்னும் எழுதிக்கொண்டு இருக்கிறாளோ?" என்றார் தவமணிதேவி.

யுகேந்திரனுக்கு ஒன்றும் தெரியாது. "ஆண்ட்டி, பிரேமளா ஹாலுக்கே வரலியே. வந்த எடத்துல உடம்பு சரியில்லாமப் போச்சோன்னு நெனச்சேன்."

தவமணிதேவி அவனைப் பார்க்கவில்லை, ரூபினியைப் பார்த்தார். ரூபினி நூலகத்துக்கு ஓடினாள். அங்கே யாரும் இல்லை. கழிவறை, சிற்றுண்டிச்சாலை, கார் நிறுத்துமிடம், எங்கும் இல்லை. பிரேமளாவின் கைப்பேசியை அழைத்தால் அது அணைந்திருந்தது. திரும்பி வந்து மூச்சு வாங்க நின்று, இனி வேறு வழியில்லாமல் சொன்னாள். பேர் கொடுக்காததை, ஜூன் மாதத்து வெறும் தாளை, நெஞ்சில் இருக்கிற கல்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

வைத்தியலிங்கம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார் தவமணிதேவி.

"டிசம்பர்ல சொன்னா, ஆண்ட்டி. யார்கிட்டயும் சொல்லாதேன்னு..."

"டிசம்பர்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அதுக்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தனீர். என்ர மேசையில இருந்து சாப்பிட்டனீர். நான் உம்மட்டயே கேட்டனான், பிள்ளை ஏன் சாப்பிடுறாளில்லை எண்டு. நீர் சிரிச்சனீர்."

ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். யுகேந்திரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு விலகி நின்றுகொண்டான்.

போலீஸ் நிலையத்தில் வைத்தியலிங்கம் புகார் எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. தெரியாத எண். யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் தன் போனைக் கொடுத்து உதவியிருக்கிறாள்.

"அப்பா, நான் சிகாமட் ஸ்டேஷன்ல நிக்கிறன். ரயில் ஏறினனான். எங்க இறங்கிறதெண்டு தெரியேல்ல. எல்லாரும் இறங்கினாங்க, நானும் இறங்கிட்டன்."

வைத்தியலிங்கம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அங்கயே இரு பிள்ளை. எங்கயும் போகாதே. நான் வாறன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தாயும் தகப்பனும் மழையில் வடக்கே புறப்பட்டார்கள். ரூபினியை யாரும் காரில் ஏறச் சொல்லவில்லை.

அதன் பிறகு பிரேமளாவுக்கு அவள் அனுப்பிய எந்தச் செய்திக்கும் பதில் வரவில்லை. மார்ச்சில் முடிவு வந்தது. ரூபினிக்கு 'ஏ', யுகேந்திரனுக்கு 'பி'. அவன் கல்லூரியில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பான், நின்று பேச மாட்டான். ரெங்கத்தில் அப்பா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். ரூபினியால் சேர்ந்து சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போகலாமா வேண்டாமா என்று பாதி வழியில்கூடத் தீர்மானிக்காமல், பிரேமளா வீட்டுக்குப் போனாள்.

தவமணிதேவி கேட்டைத் திறந்துவிட்டார். வாங்கோ என்று சொல்லவில்லை. "கனநேரம் இருக்க வேண்டாம். மருந்து குடிக்கிறா, களைச்சுப் போவா."

பிரேமளா கூடத்து நாற்காலியில் இருந்தாள். முகம் லேசாக ஊதியிருந்தது. வாராவாரம் டாக்டரிடம் போவதாகச் சொன்னாள். லண்டன் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லையாம். அம்மா இப்போது அவள் அறையிலேயே தூங்குகிறாராம்.

"உனக்கு ஏ தானே? யுகேந்திரன் மெசேஜ் போட்டிருந்தான்."

"நீ சொல்லிக்கொடுத்ததுதான்."

உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"என் மேல கோவமா?" என்றாள் ரூபினி.

"கோவம்னு இல்ல." பிரேமளா விரல் நகத்தைப் பார்த்தபடி இருந்தாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும், இன்னிக்கு ரூபி அம்மாகிட்ட சொல்லிடுவா, எல்லாம் முடிஞ்சிடும்னு நினைப்பேன். நீ அம்மா ரூம் வாசல்ல நின்னதைக்கூடப் பார்த்தேன்."

"சொல்லாதேன்னு நீதானே சொன்னே?"

"ஆமா, நான்தான் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் ரூபினி வந்திருந்தாள். கேட்டாலும் அது தன் மனச் சுமையை இவள் மடியில் இறக்கி வைப்பதாகவே இருக்கும் என்று தோன்றியது. பிரேமளாவின் கையைத் தொட்டாள். பிரேமளா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"பிரேமளா, மருந்து நேரம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ரூபினி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். தானே கேட்டைச் சாத்திவிட்டு, வெயில் கொளுத்திய தெருவில் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.