செவ்வாக்கெழமக்காரி

...நூறு புள்ளி ரெண்டு, நாலு இல்ல, ரெண்டுதான், ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல மூணுன்னு ஒண்ணு இருக்குது இல்ல, அது வர்ற வரைக்கும் பயமில்லன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு மதுமதி தெர்மாமீட்டர தலகாணிக்கு அடியில தள்ளுனா. மணி பத்தே முக்கால். ஹால்ல அப்பாவோட கொறட்ட, அதுக்கு மேல ஃபேன் சத்தம். அம்மாதான் எப்ப வேணா முழிச்சிக்கும், கட்டில் லேசா கிறீச்சுன்னாலும் இன்னாடி வாந்தியான்னு ஓடிவரும். அதனால அசையாம படுத்துக்கிட்டா. ஆஸ்பத்திரியில குடுத்த மஞ்ச அட்ட பீரோ கதவுல ஒட்டியிருக்குது, இருட்டுல படிக்க முடியாட்டியும் மனப்பாடம், நூறு புள்ளி நாலு வந்தா எந்நேரமானாலும் கெளம்பி வரணும், காத்தால பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது. கீமோ போட்டா ரத்தத்துல வெள்ள அணு கொறஞ்சிடும்மா, அப்ப வர்ற ஜுரம் நம்ம ஊரு ஜுரம் இல்ல, ஒரே ராத்திரியில ஆள சாய்ச்சிடும்னு நர்சம்மா சொன்னப்ப அம்மா முந்தானிய வாயில வெச்சி அமுக்கிக்கிச்சி. மதுமதிக்கு அப்ப பயமே வரல, இன்னாவோ வேற யாருக்கோ சொல்றாப்பல இருந்தது. இப்பதான் காலு ரெண்டும் சில்லுன்னு இருக்குது, தல மட்டும் காயுது... ஃபேன் காத்துதான், ஃபேன் காத்தாதான் இருக்கும்.

சொல்லிடலாம். ஏம்மா, ஜுரம் அடிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்த. சொன்னா இன்னா ஆவும், பாண்டிக்கு கூட்டிட்டுப் போவாங்க, பெட்டுல போடுவாங்க, ஊசி மேல ஊசி, ரத்தத்துல எண்ணிக்க ஏறுற வரைக்கும் அடுத்த கீமோ கெடையாது. அடுத்தது வர்ற செவ்வாக்கெழம, நாலாவது. அது தள்ளிப்போயிடும், அடுத்த செவ்வாயா, அதுக்கும் அடுத்ததான்னு யாருக்குத் தெரியும். மஞ்சு மட்டும் இந்த செவ்வாக்கெழமயே ஜன்னலோரமா உக்காந்து மருந்து ஏத்திக்கிட்டுப் போயிடுவா, இருவத்தோரு நாளைக்கு ஒரு தடவ, நாள் ஒரு தடவ பிசகிடுச்சின்னா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரவே முடியாது. மஞ்சு இல்லாம அந்த நாற்காலியில உக்காரணும்னு நெனச்சாலே, ஜுரம் தேவலன்னு இருக்குது. ஜுரம்னா தனியா படுத்துக்கலாம், கீமோவுல தனியா... முடியாது.

மொதல் தடவ போனப்ப அப்பிடித்தான் தனியா உக்காந்திருந்தா. அம்மா வெளிய, உள்ள ஒருத்தருக்குத்தான் எடம். செவப்பு மருந்த கொண்டாந்து மாட்டுனாங்க, ரோஸ்மில்க் மாதிரி இருக்குதேன்னு பாத்துக்கிட்டே இருந்தா, அப்ப பக்கத்து நாற்காலியிலேர்ந்து, ஏய் புதுசா, வாயத் தொற, ஐஸ் போடுன்னு ஒரு கொரலு. பாத்தா தன் வயசுப் பொண்ணு, பதினேழு இருக்கும், மொட்டத் தலையில பச்ச துப்பட்டா, முட்டிக்கிட்ட கட்டு, ஃப்ளாஸ்க்குல ஐஸ் கட்டி. செவப்பு எறங்கசொல்ல ஐஸ் மென்னுக்கிட்டே இரு, இல்லன்னா வாயெல்லாம் புண்ணாயிடும், அப்பறம் எச்சிகூட முழுங்க முடியாதுன்னா. ஒனக்கு ரொம்பப் புடிச்சது இன்னான்னு கேட்டா. பரோட்டா. அப்ப இன்னிக்கி அத தொடாத, இன்னிக்கி எத தின்றியோ அது ஜென்மத்துக்கும் கொமட்டும், அதனால புடிக்காததா பாத்து தின்னுட்டு வரணும், நான் உப்புமா தின்னுட்டு வந்தேன், ஒழிஞ்சிது பார் சனியன்! மதுமதிக்கு சிரிப்பு வந்து ஐஸ் கட்டி மடியில விழுந்திடுச்சி. மஞ்சு மண்டகப்பட்டு பொண்ணு, அவ நைனா தங்கராசு சென்ட்ரிங் வேல, அவளுக்கு எலும்புல, மதுமதிக்கு கழுத்துக் கட்டி. அந்த ஃப்ளாஸ்க்குலேர்ந்து எடுத்துத் தின்னியான்னு அன்னிக்கி அம்மா ஒரு மாதிரி கேட்டது, ஊரு எது, தெரு எதுன்னு வேற. இப்ப அதே அம்மாதான் மஞ்சுவோட அம்மாவுக்கு வாரத்துக்கு நாலு ஃபோன், மாரியம்மா, பல்லு வெளக்க எந்த பிரஷ்ஷு, மாரியம்மா, கையில மாட்டுன மருந்து ட்யூபு நனையாம எப்பிடி தலைக்குத் தண்ணி ஊத்துறதுன்னு... பால் பாக்கெட் கவர கழுவி ரப்பர்பேண்டு போடுங்கக்கான்னு அந்தம்மாதான் சொல்லிக் குடுத்தது.

தொண்ட வறண்டுச்சி. சொம்புத் தண்ணி பக்கத்துல, ஆனா ப்ளாஸ்டிக் சொம்பு. பஜார்ல எவர்சில்வர் பாத்திரக்கட வெச்சிருக்கற அப்பா ஆதிநாராயணன் வீட்டுல ப்ளாஸ்டிக் தட்டு, ப்ளாஸ்டிக் டம்ளர்! கீமோவுக்கு அப்பறம் எவர்சில்வர் வாயில பட்டாலே துருப்புடிச்ச ஆணிய நக்குனாப்பல இருந்தது, சோறு எறங்கல, மூணு நாளா அம்மா அழுதது, நீ ஸ்டீல்ல திங்காத லூசு, ப்ளாஸ்டிக் ஸ்பூன்ல தின்னு, எலுமிச்ச ஊறுகாய தொட்டுக்கோன்னு மஞ்சு சொன்னதும் எறங்கிடுச்சி. அப்பா எதிர்க்கட தனகோட்டிகிட்டப் போயி தட்டு வாங்கசொல்ல, இன்னா செட்டியாரே கடைய மாத்தப் போறியான்னு அந்தாளு நக்கலடிச்சாராம். அப்பா வீட்டுக்கு வந்து சிரிச்சிக்கிட்டே சொன்னாரு, சொல்லிட்டு பாத்ரூமுக்குப் போயி ரொம்ப நேரம் வரல.

மாத்திர இருக்குது. காய்ச்ச மாத்திர, ஜாமெட்ரி பாக்ஸுல, எப்பவோ போட்டதுல மிச்சம் நாலு. ஒண்ணு போட்டா அர மணி நேரத்துல எறங்கிடும், காத்தால அம்மா தொட்டுப் பாத்தா ஐஸ் மாதிரி இருக்கும்... பாக்ஸ எடுத்து சத்தம் வராம தொறந்தா. காம்பஸ் முள்ளு வெரல்ல குத்துச்சி. ரத்தம் வந்துதான்னு செல்ஃபோன் வெளிச்சத்துல பாத்தா, இல்ல, ஆனா செல்ல எடுத்ததுனாலதான மஞ்சு பேரு கண்ணுல பட்டது. கால் வலியில அவளும் தூங்க மாட்டா. போர்வைக்குள்ள தல வரைக்கும் இழுத்துக்கிட்டு கிசுகிசுன்னு பேசி அனுப்புனா. ஏய், முழிச்சினு இருக்கியா, நூறு புள்ளி ரெண்டு, நாலு இல்ல, யாருக்கும் சொல்லல, மாத்திர போட்டா செவ்வாக்கெழமக்குள்ள சரியாயிடும் இல்ல, நாம ஒண்ணா போயிடலாம் இல்ல... பயமா இருக்குதுடி.

செவ்வா. அது பிரியசொல்ல அவங்க ரெண்டு பேரும் சொல்லிக்கற வார்த்த. எங்க கெளம்புனாலும் போறேன்னு சொல்லக்கூடாது, வரேன்னு சொல்லணும், ஆனா ஆஸ்பத்திரியில வரேன்னு சொன்னா மறுபடி அங்கயே வர்றதுன்னு ஆயிடும், அதனால வாயத் தொறக்காம, திரும்பிப் பாக்காம நடன்னு அம்மா மொதல் நாளே சொல்லி வெச்சிருந்தது. மஞ்சுதான், அடப்போடி, வராம எங்க போவப் போறோம், வரலன்னாதான் வம்பு, நாளச் சொல்லிக்கலாம்னா. சொல்லசொல்ல, வியாழ... ச்சீ, செவ்வான்னா. அதுலேர்ந்து பஸ்ஸ விட்டு எறங்கசொல்ல செவ்வா, ஃபோன வெக்கசொல்ல செவ்வா. காலங்காத்தால அஞ்சு மணி பஸ்ஸுல மதுமதி செஞ்சியில ஏறி பக்கத்து சீட்டுல துப்பட்டாவப் போட்டு எடம் புடிப்பா, மண்டகப்பட்டு ரோட்டுல மஞ்சு கோல ஊனிக்கிட்டு ஏறுவா. போன தடவ ஒரு பூக்கார அம்மா ரெண்டு மொட்டையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, எந்தக் கோயிலும்மான்னு கேட்டது. மேல்மலையனூருன்னா மஞ்சு, மூஞ்சில சிரிப்பே இல்லாம. ஏம்மா புருவத்தக் காணமேன்னு கேட்டதுக்கு, புருவத்துக்கும் சேத்துதான் வேண்டிக்கினோம், ஆத்தா ஒரு முடி விடல! விழுப்புரம் வரைக்கும் சிரிச்சி சிரிச்சி மதுமதிக்கு வாந்தி வந்து...

செல்லு மினுக்குனது. காதுல ஒட்ட வெச்சிக்கிட்டா. மஞ்சு கொரலு தூக்கக் கலக்கமே இல்லாம, அடிச் செருப்பால. வாயில வெச்சியா அக்குள்ல வெச்சியா? அக்குள்லன்னு அனுப்புனா மதுமதி. தெரியும்டி ஒன்ன, அக்குள்ல கம்மியாதான் காட்டும், வாயில வெய்யி, மாத்திரயத் தூக்கிப் போடு, மாத்திர போட்டா ஜுரம் ஒளிஞ்சிக்கும், போவாது, டாக்டர ஏமாத்தலாம், ஒடம்ப ஏமாத்த முடியுமா? செவ்வாயாம் செவ்வா. எனக்கும் ஜுரம் வந்து பத்து நாள் படுத்துதான் நாள் மாறுச்சி, இல்லன்னா ஒன்ன நான் எங்க பாக்கறது? ஒங்கம்மாவ எழுப்பு. எழுப்புனியா? அம்மா கொரல அனுப்பு, அப்பதான் நம்புவேன்.

வாயில வெச்சா. பீப். நூத்தியொண்ணு. மூணுமில்ல, நாலுமில்ல, நேரா நூத்தியொண்ணு. இன்னாத்துக்கோ அழுக வரல, மாத்திரய பாக்ஸுல போட்டு மூடிட்டு எழுந்து நின்னா, கதவுகிட்டப் போறதுக்குள்ள ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சி. அம்மா, நூத்தியொண்ணுன்னா. அவ்ளோதான், அம்மா ஒண்ணும் கேக்கல, எப்பலேர்ந்துன்னுகூட கேக்கல, ஒரே எட்டுல பீரோகிட்டப் போயி ஃபைல் பைய எடுத்தது, அப்பாவ ஒலுக்குனது, பக்கத்து வீட்டு ஆனந்தராஜ் அண்ணன் கார எடுத்தாரு. ஏறசொல்ல, மஞ்சு கேக்குதும்மா, பேசுன்னு மதுமதி செல்ல நீட்டுனா. கெளம்பிட்டோம்டி கண்ணு, நீ தூங்குன்னு சொன்னது அம்மா, கண்ணுன்னு இதுக்கு முன்னால சொன்னதே இல்ல.

செஞ்சிய தாண்டிடுச்சி, கோட்ட மல பின்னால எங்கயோ இருட்டோட இருட்டா நிக்குது. அம்மா மடியில தலய வெச்சிக்கச் சொன்னது, அவ மாட்டேன்னு ஜன்னலோரமா உக்காந்திருந்தா, ஈரத்துணி நெத்தியில. பல்லு கிட்டுச்சி. மஞ்சு ஒண்ணும் அனுப்பல, இவளுக்கும் செவ்வான்னு சொல்ல வாய் வரல, பொய்யாயிடுமே, வேற நாளும் தெரியல. மண்டகப்பட்டு ரோடு வந்தது. ஒரு நாய், ஒரு லைட்டு, யாருமில்லாத பஸ் ஸ்டாப்பு. கார் நிக்கவே இல்ல, ஆனா மதுமதி தன்னால கொஞ்சம் நவுந்து பக்கத்துல எடம் விட்டா. விட்டதுக்கு அப்பறம்தான் மஞ்சு அன்னிக்கி வாய் தவறிச் சொன்ன அந்த வியாழ... ச்சீ ஞாபகம் வந்தது. நாள் மாறுச்சின்னா, எந்த நாள்லேர்ந்து மாறுச்சி? அப்ப வியாழக்கெழம பஸ்ஸுல மஞ்சுக்கு துப்பட்டா போட்டது யாரு, ஐஸ் மெல்லணும்னு அவளுக்கு சொல்லிக் குடுத்தது யாரு, பேருகூட அவ சொன்னதில்லையே... அந்த வியாழக்கெழமக்காரி இப்ப யாருக்கு எடம் புடிக்கறாளோ. புடிக்கறாளா?