கேப்டனைவிட ஐந்து கூடுதல்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பது பொய். என் மேசைக்கு வந்தது. கூட்டிக் கழித்து மேலே தள்ளிவிட்டேன். தென் கொரியாவின் தேஜோன் நகரில், விமானிகளின் மனச்சுமையை அளக்கும் ஆய்வகத்தில் பதினான்கு வருடமாகக் கணக்குப் போடுகிறவன் நான்.

‘கொரிய வானில் மேகங்கள் மெல்ல’ என்று ஆரம்பித்துப் பார்த்தேன். சீ. கதை நடந்த சிமுலேட்டர் அறைக்கு ஜன்னலே கிடையாது.

2

உன்சூக் நல்லவள். (இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருக்கட்டும்.) அனுபவம் கூடக்கூட விமானிக்குச் சுமை குறைகிறதா என்பது எங்கள் ஆய்வகத்தில் அவள் நடத்திய ஆய்வு. சிமுலேட்டரில் ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஆளுக்கு ஒருமுறை தரையிறக்கச் சொன்னாள். வந்த விமானிகளில் இருபத்திரண்டு வருடம் பறந்தவர் கேப்டன் நாம்குங். துணை விமானி யூன்ஜேக்கு மூன்றே வருடம். நெஞ்சில் ஒட்டிய கருவியில் இளையவனுக்கு ஒரு அலட்டலும் இல்லை. பெரியவருக்குத்தான் இதயத்துடிப்பு எகிறியது.

வெளியே வந்ததும் ஒரே மேசையில் இருவருக்கும் தாள். எவ்வளவு சிரமப்பட்டீர்கள், நூற்றுக்கு எத்தனை என்று ஆறு கேள்வி. பெரியவர் கரண்டியை எடுக்கும்வரை சோற்றைத் தொடாத வழக்கத்தில் வளர்ந்த யூன்ஜே, பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கேப்டன் ஒளிக்காமல் எழுபது, அறுபத்தைந்து என்று போட்டார். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இவன் எழுபத்தைந்து, எழுபது என்று போட்டான். ஆறிலும் சரியாக ஐந்து கூடுதல்.*

* நான் அதைக் கவனித்தேன். சராசரி அழகாக வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

3

பெயர்கள் வெளியே போகாது என்று உன்சூக் வாக்குக் கொடுத்திருந்தாள். விமான நிறுவனம் சும்மா பார்க்கத்தான் என்று கேட்டதும் தாள்களைக் கொடுத்தாள். பயந்துபோய் அவள்... இல்லை. வேறு வழியில்லாமல்... அதுவும் இல்லை. அடுத்த வருடமும் அவர்கள் விமானிகளை அனுப்ப வேண்டும், கொடுத்தாள். துடிப்புக் கணக்கை யாரும் கேட்கவில்லை. கேப்டனாவதற்கான பயிற்சிப் பட்டியலிலிருந்து யூன்ஜேயின் பெயரை அடித்துவிட்டார்கள். நெருக்கடி தாங்கமாட்டானாம்.

ஒரு மத்தியானம் வந்து நின்றான். உண்மையைத்தானே போடச் சொன்னேன் என்றாள் உன்சூக்.

“கேப்டனைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுதானே சொன்னீங்க, டாக்டர்? அவரே எழுபதுன்னு போடுறாரு. நான் இருபதுன்னு போட்டா அவர் மூஞ்சில துப்புன மாதிரி. நீங்களும் இந்த ஊர்தானே?”

துடிப்புக் கணக்கை அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

“அதுல அவரோடதும் இருக்கும். ரிட்டயராக நாலு வருஷம்தான் இருக்கு அவருக்கு. வேண்டாம்.”

4

முடிவு ஒன்று: உன்சூக் துணிந்து கடிதம் எழுதுகிறாள். எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கதை எதற்கு?

முடிவு இரண்டு: கேப்டனே போய்ச் சொல்கிறார். பாவம், அவருக்கு விஷயமே தெரியாது.

நடந்தது: கட்டுரை அச்சானது. ‘அனுபவம் குறைந்தவர்களுக்கே சுமை அதிகம்’ என்ற வரி நான் எழுதியது.

மூன்றாவது முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்று பெருந்தன்மை காட்டலாம். அதுவும் பித்தலாட்டம்தான். எண்கள் என்னிடமும் இருக்கின்றன. யூன்ஜேயின் துடிப்பை மட்டும் தனியே பிரித்து அனுப்ப எனக்கு இரண்டு நிமிடம் போதும். அனுப்பாமல், அந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.