லாரிக்காரர் கொண்டுவந்த சட்டம்

அண்ணியின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்த பிறகுதான் லாரிக்காரர் பேச ஆரம்பித்தார். செத்துப்போன அண்ணனின் மனைவி பிறந்த வீட்டுக்குப் போவதுதான் முறையாம். அவள் இருக்கும் பின்னறையில் டயர் அடுக்க வேண்டுமாம். பிறந்த வீட்டில் அண்ணிக்கு மிஞ்சியிருந்தது ஒரே தம்பி. அவனும் மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது லாரிக்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை விசேஷம் முடியற வரைக்கும் இருங்க அண்ணி. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல," என்றார்.

லாரிகளுக்கு வரி குறைக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. அதற்காக ஒரு வருடமாக அவர் கொடி பிடித்தார், தொண்டை கிழியக் கத்தினார், மந்திரி வீட்டு வாசலில் தவம் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை லாரிச் சங்கம் முழுவதும் அவர் வீட்டுக் கூடத்தில் கூடியது. சட்டத்தை விளக்க ஒரு வக்கீலையும் பிடித்து வந்திருந்தார்கள்.

அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று டீ ஊற்றினாள். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் அவள் தலை தெரியக் கூடாது. புருஷன் போன நாளிலிருந்து அந்தக் கதவிடுக்குதான் அவள் உலகம். லாரிக்காரரின் மனைவி வந்து டம்ளர்களை வாங்கிப் போனாள், முகத்தைப் பார்க்காமலே.

அரசாங்கத்துக்கு என்ன அவசரமோ, சந்தையில் கண்டதையெல்லாம் ஒரே பையில் திணிப்பதுபோல ஒரே மசோதாவில் எல்லாவற்றையும் திணித்திருந்தது. லாரி வரி முடிந்ததும் தெருநாய் வந்தது. பிறகு தேனீ வளர்ப்பு, சினிமாக் கொட்டகையின் அவசர வழி, பல் வைத்தியர்களின் படிப்பு. நாயையும் லாரியில் ஏற்றிவிட்டார்களே என்று சங்கத்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வக்கீல் மேலே படித்தார். கணவன் இறந்த பிறகும் மனைவி அவன் வாழ்ந்த வீட்டிலேயே ஆயுள் முழுக்க இருக்கலாம். அவளை யாரும் வெளியேற்றக் கூடாது.

சிரிப்பு நின்றது. வரும்போது வாசலில் இருந்த பெட்டியைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வந்திருந்தார்கள்.

"அது வேற சட்டங்க. நம்ம லாரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் லாரிக்காரர்.

"எல்லாம் ஒரே சட்டம்தான். உங்களுக்கு வேணுங்கறத மட்டும் பொறுக்கி எடுத்துக்க முடியாது," என்றார் வக்கீல்.

அண்ணி கூடத்துக்குள் வந்தாள். அத்தனை பேருக்கும் நடுவே நடந்து போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னறைக்கே திரும்பினாள். எங்கேயும் அவள் நிற்கவில்லை.

லாரிக்காரர் சட்டத்தை மீறுகிறவர் இல்லை. அடுத்த வாரமே கொத்தனாரை வரவழைத்தார். பின்னறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவைப் பெயர்த்துவிட்டுச் சுவர் எழுப்பச் சொன்னார். அண்ணி கொல்லைப் பக்கமாகப் போய் வரட்டுமாம். வீட்டில் இருக்கலாம் என்றுதான் சட்டம் சொன்னது. அவளோடு பேச வேண்டும் என்று சொல்லவில்லையே.

செங்கல் ஏற ஏறக் கூடத்துப் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. அவள் தூக்கி வளர்த்த லாரிக்காரரின் மகள் எதற்கோ சிரித்தது பாதிதான் கேட்டது. அண்ணிக்கு அழுகை முட்டியது. இத்தனை வருடம் உழைத்துக் கொட்டிய வீட்டில், சாப்பிட்டாயா என்று கேட்க இனி ஓர் ஆள் கிடையாது.

கொத்தனாருக்கே சங்கடமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டைக்கூடப் பிடித்துப் பார்க்காமல், வேலையை அவசர அவசரமாக முடிக்கப் பார்த்தார்.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"கோணல் இல்லாம எழுப்புங்க மேஸ்திரி. சாகற வரைக்கும் இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கப் போறவ நான்தான்."