மூடப்படாத ‘செம்மறிக் கடா’ விடுதி

கணவன் சிரிலுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை என்று ஹெஸ்டர் நினைத்துக்கொண்டாள். அவளுக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவனோ கார் நிறுத்துமிடத்தின் நடுவே, தரைக்கு மேல் இடுப்பளவு உயரத்தில், இல்லாத மது பரிமாறும் மேடையில் முழங்கையை ஊன்றி பீர் குடித்துக்கொண்டிருந்தான்.

வெதர்ஸ்பியின் ‘செம்மறிக் கடா’ மதுவிடுதியை அறுபத்தெட்டாம் வருடம் இடித்தார்கள். உரிமம் ஹெஸ்டர் பெயரில் இருந்தது. விடுதிக்காரி மணியை ஆட்டி, "நேரமாச்சு, கனவான்களே" என்று குரல் கொடுக்காமல் அந்த ஊரில் எவனும் கிளம்பியதில்லை. கடைசி இரவில் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. விளக்கை எரியவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் இடிக்க வந்தவர்களுக்கு, இன்னும் கிளம்பாமல் குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். கூரை போனதும் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள். தரை போனது, அவர்கள் இருந்த உயரத்திலேயே இருந்தார்கள். பீரும் தீரவில்லை.

"சுவத்தையே அள்ளிட்டுப் போயிட்டானுங்க, இன்னும் சாஞ்சுக்கிட்டா நிக்கற, ஆல்ஃப்?" என்றான் அவர்களில் ஒருவன்.

"பொண்டாட்டி மேல சாஞ்சாத்தான்டா விழுவேன். இது தாங்குது."

முதல் வருடம் மனைவிமார் சூப் கொண்டுவந்தார்கள். பிறகு ஒருத்தி கனடா போனாள், ஆல்ஃபின் மனைவி கசாப்புக்காரரை மணந்துகொண்டாள். கார்க்காரர்கள் கால்களில் இடிக்காமல் வண்டியை விடப் பழகினார்கள்.

ஹெஸ்டர் மட்டும் தினமும் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். எப்பேர்ப்பட்ட பாசம் என்றது ஊர். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அவள் தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள். யாருடைய மனதோ போலிருந்தது. ஒன்று மட்டும் தெளிவாக நினைவிருந்தது. விடுதி காலியானதும் மாடியறைக்குப் போகும் படிகளில் அவள் முன்னால் ஏறுவாள், சிரில் பின்னால் வருவான். அவன் காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைக்குத் தன்மேல் விழப்போகும் அடியின் கனம் தெரிந்துவிடும். தங்கை வீட்டில் அவள் விளக்கை அணைத்த மறுகணம் தூங்கிவிடுகிறாள். அவன் அங்கேயேதான் இருக்கிறானா என்று பார்க்கத்தான் தினமும் வருகிறாள்.

அன்று நகரசபையிலிருந்து ஓர் இளைஞன் வந்து காத்திருந்தான். அந்த இடத்தில் அங்காடி கட்டப்போகிறார்களாம்.

"ஒரே ஒரு குரல் குடுங்க, மிஸஸ் ஆர்ம்ராய்ட். உங்க வீட்டுக்காரர் இன்னைக்கே உங்ககூட வந்துடுவாரு." நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னான்.

மேலிருந்து சிரில் குனிந்தான். "கூப்பிடுடி, ஹெஸ். கால் மரத்துப்போச்சு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இளைஞனிடம் திரும்பினாள்.

"தொண்டை சரியில்ல, கண்ணு."

"அப்போ அடுத்த வாரம் வரட்டுமா?"

"அப்பவும் சரியிருக்காது" என்று சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.